ஆறு வயதும் எழுபது வயதும் ஒரே கூடத்தில்: பாட்டு வகுப்பை எப்படி நடத்துவது?

கோயில்கூடம் (போ பாசின், மொரிஷியஸ்)

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை பிற்பகலில் எங்கள் பக்கத்துக் கோயில் கூடத்தில் பாட்டு வகுப்பு எடுக்கிறேன். கட்டணம் கிடையாது, வயது பார்ப்பதில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கோயில்காரர்கள் அறிவித்துவிட்டார்கள். சொன்னபடியே எல்லோரும் வருகிறார்கள். அதுதான் இப்போது சிக்கல்.

முன்வரிசையில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் குரல் உடைந்துகொண்டிருக்கும் பையன்கள் மூன்று பேர். வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறார்கள். காவடி நெருங்குவதால் பாட்டுக் கற்க வந்திருக்கும் இளைஞர்கள் சிலர். சுவரோரம் நாற்காலியில் நான்கு ஆயாக்கள் (பாட்டிமார்). ஒரு பையன் ஆட்டிசம் உள்ளவன், ஜால்ரா சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறான். இன்னொரு சிறுமிக்குக் காதில் கருவி. இவர்களுக்கு நடுவே வர்ணம் என்ற பெரிய பயிற்சிப் பாட்டு வரை வந்துவிட்ட பெண் ஒருத்தி, பாட்டுப் பரீட்சைக்குத் தயாராகிறாள். வீட்டில் எல்லோரும் பேசுவது கிரியோல், பிரெஞ்சு வழி வந்த தீவு மொழி. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் பாதிக்கும் குறைவு.

இருப்பது ஒரே கூடம், ஒன்றரை மணி நேரம், நான் ஒருத்தி. பிரித்துப் பிரித்து எடுத்தால் ஒரு கூட்டம் பாடும்போது மற்றவர்கள் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். சேர்த்து எடுத்தால் எல்லோருக்கும் தெரிந்த பஜனைதான் மிஞ்சுகிறது, ஒருவரும் ஒரு படி மேலே போவதில்லை. இப்படிப்பட்ட வகுப்பை நடத்தியவர்கள் என்ன செய்கிறீர்கள்?

---

வரிசைக்காரர் (காத்ர் போர்ன்)

அம்மா, கேட்கக் கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இது வகுப்பே அல்ல, கூட்டம். சங்கீதத்துக்குப் படிமுறை என்று ஒன்று உண்டு. சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம். புரந்தரதாசர் பேரால் வழங்கும் இந்த முறையில் நூற்றாண்டுகளாகப் பிள்ளைகள் கற்று வந்திருக்கிறார்கள். அலங்காரத்தில் ஏழு தாளமும் கைக்கு வராதவனிடம் கீதத்தைக் கொடுத்தால் அவன் வார்த்தையைப் பாடுவான், பாட்டைப் பாட மாட்டான்.

காவடிக்குப் பின் இங்கே ஏழு கறி போடுகிறோம். ஏழையும் ஒரே சட்டியிலா வேகவைக்கிறோம்? மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். நேரம் போதாது என்றால் ஆளைக் குறையுங்கள். வர்ணம் பாடுகிற பெண்ணை இந்தக் கூட்டத்தில் உட்கார வைத்திருப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம். அவளை மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்புங்கள். வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் எல்லாவற்றுக்கும் அங்கே முறையான பாடத்திட்டம் இருக்கிறது.

---

ரவான்தம்பி (மாயேபூர்)

ஐயா சொல்வது சரிதான், ஆனால் ஏழு கறியையும் கடைசியில் ஒரே இலையில்தானே பரிமாறுகிறோம் :)

நான் மிருதங்கமும், ரவான் என்ற வட்டத் தோல் மேளமும் வாசிக்கிறேன். என் அனுபவத்தில் இங்குள்ள பிள்ளைகளுக்கு எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் வராததற்குக் காரணம் சோம்பல் கிடையாது. ஊர்ப் பிள்ளைகள் தொட்டிலிலிருந்தே செகா என்ற நம் தீவு ஆட்டப் பாட்டைக் கேட்டு வளர்கிறார்கள். கல்யாண வீட்டில், கடற்கரையில், பஸ் வானொலியில் எங்கும் அதே ஆறு எண்ணிக்கை ஆட்டம். நம் கணக்கில் சொன்னால் மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. ரவானும் மரவான் என்ற கிலுகிலுப்பையும் சேர்ந்து ஓடும்போது ஒரு கை 'தகிட தகிட' என்று இரண்டாகப் பிரிக்கும், இன்னொரு கை அதே ஆறைத் 'தக தக தக' என்று மூன்றாகப் பிரிக்கும். இங்கே எட்டு வயதுப் பிள்ளை யோசிக்காமல் இதைச் செய்யும். இதே இரண்டுக்கு மூன்று கணக்கை மிருதங்க மாணவனுக்குப் புகட்ட நான் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட பிள்ளையை உட்கார வைத்து ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று நாலு நாலாக எண்ணச் சொன்னால் உடம்பு விறைத்துப்போகிறது. அதனால் நான் திஸ்ரத்தில்தான் ஆரம்பிக்கிறேன். 'தகிட'வை நடந்துகொண்டே சொல்வது, பிறகு கைதட்டிச் சொல்வது, பிறகு தோலில் வாசிப்பது. நம் காவடிச் சிந்து மெட்டுகளில் பலவும் திஸ்ர நடைதானே, அவை உடனே ஒட்டிக்கொள்கின்றன. நாலு நாலாக எண்ணும் சதுஸ்ரம் அப்புறம் தானாக வருகிறது. செகாவை 2014ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள் என்று பெருமைப்படுகிறோம், ஆனால் கோயில் கூடத்துக்குள் ரவானைக் கொண்டுவந்தால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இது புரிவதில்லை.

---

கோயில்கூடம்

ரவான் விஷயம் நல்ல யோசனை. கோயில்காரர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். சுளிப்பார்கள்தான், ஆனால் 'தாள வாத்தியம்' என்று சொன்னால் விட்டுவிடுவார்கள்.

வரிசைக்காரர் ஐயா, அந்தப் பெண்ணை மோக்காவுக்கு அனுப்ப எனக்கும் ஆசைதான். அவள் வீட்டில் டியூஷனுக்கு நடுவே ஒதுக்கியிருப்பது இந்த ஒரு பிற்பகல் மட்டும்தான். ஆளைக் குறைக்கச் சொல்கிறீர்களே, நாற்காலியில் இருக்கும் ஆயாக்களில் யாரை முதலில் போகச் சொல்வது?

---

காதொலி (போர்ட் லூயிஸ்)

காது பரிசோதனை என் தொழில். கருவி போட்டிருக்கும் சிறுமியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காதுக்குப் பின்னால் மாட்டும் சாதாரணக் கருவியா, அறுவை செய்து உள்ளே வைத்த காக்ளியர் இம்பிளான்ட்டா என்று முதலில் பெற்றோரிடம் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. சாதாரணக் கருவி பேச்சுக்காகச் சரிசெய்யப்பட்டது. திடீரென்று வரும் பெரிய சத்தத்தை அமுக்கும், விடாமல் ஒலிக்கும் சுருதியைச் சில சமயம் இரைச்சல் என்று எண்ணிக் குறைக்கும். இசைக்கென்று தனி அமைப்பு வைக்கச் சொல்லிக் கேட்டால் கருவி கொடுத்தவர்கள் பெரும்பாலும் செய்து தருவார்கள். இம்பிளான்ட் என்றால் தாளம் நன்றாகத் தெரியும், சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலான சிறு உயரம் சரியாகத் தெரியாது. அந்தப் பிள்ளையிடம் 'ரி தப்பு, ரி தப்பு' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பாட்டை வெறுத்துவிடும். தாளத்தில் ஆரம்பியுங்கள். சுரத்தை ஸ-ப போன்ற பெரிய தாவலில் காட்டுங்கள், கையையும் கூடவே உயர்த்தித் தாழ்த்துங்கள்.

அப்புறம், தரையைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் ஈவ்லின் கிளெனி பன்னிரண்டு வயதுக்குள் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர், ஆனாலும் உலகறிந்த தாளவாத்தியக் கலைஞர். அதிர்வைப் பாதத்தில் வாங்குவதற்காகச் செருப்பில்லாமல் மேடையேறுவார். கோயில் கூடத்தில் நாம் எல்லோருமே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருகிறோம், ஆனால் ஓடு பதித்த சிமெண்டுத் தரை அதிர்வைக் கடத்தாது. ஒரு பெரிய பிளைவுட் பலகையைப் போட்டு, மிருதங்கக்காரரும் அந்தச் சிறுமியும் அதே பலகையில் உட்காரட்டும். மிருதங்கத்தில் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்து அடி அவள் முழங்காலுக்கு வந்து சேரும். முகத்தைப் பார்க்கும்படி எதிரே உட்கார வையுங்கள். நீங்கள் பாடும்போது சன்னல் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது, உதடு தெரியாது.

---

மூத்தவனின் அப்பா (வக்குவா)

என் மூத்த மகனுக்கும் ஆட்டிசம். மிஸ், அந்தப் பையன் பாட்டைப் பிடிக்காமல் ஓடுவதில்லை. ஜால்ரா போன்ற கூர்மையான சத்தம் எங்கள் பையனுக்கு உடம்பில் வலியாகவே இறங்குகிறது. எங்களுக்கு உதவியவற்றைச் சொல்கிறேன்.

ஜால்ராவுக்கு முன்னால் கையை உயர்த்திக் காட்டுவது, 'இப்போது வரப்போகிறது' என்று. எதிர்பாராமல் வரும் சத்தம்தான் மோசம். தெரிந்து வரும் சத்தத்தைத் தாங்கிக்கொள்கிறான். காது மூடும் ஹெட்போன் ஒன்று கூடத்திலேயே இருக்கட்டும். வாசல் பக்கம் அவனுக்கென்று ஒரு பாய் போடுங்கள். எழுந்து போகலாம், திரும்பி வரலாம், யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வகுப்பு ஒவ்வொரு வாரமும் ஒரே பாட்டில் ஆரம்பித்து ஒரே பாட்டில் முடியட்டும். நடுவில் என்ன வரிசை என்பதைப் படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள்: வாய், கை, மேளம், வாய். முடிந்ததை அவனே எடுத்துவிடட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல இடங்களில் என் மகனை அன்பாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்து ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அவன் ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. பையனுக்கு அது தெரியாது என்று நினைத்தார்கள். நன்றாகத் தெரியும். அடுத்த வாரம் வர மாட்டேன் என்று காரிலேயே சொல்லிவிடுவான். அவன் நிறுத்தினால் எல்லோரும் நிற்க வேண்டிய ஒரு வேலையைக் கொடுங்கள், அப்போது பாருங்கள்.

---

நடத்துநர்

ஒரு சிறு வேண்டுகோள். பிள்ளைகளின் பெயர், படம், வகுப்பு நடக்கும் கோயிலின் பெயர் எதையும் இங்கே போட வேண்டாம். தொடருங்கள்.

---

வரிசைக்காரர்

ரவான்தம்பிக்கு. திஸ்ரம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். தாளம் உடம்பில் ஏற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. செம்பை, பாலக்காடு என்று இந்திய வித்வான்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிற நாம் பக்கத்து வீட்டுத் தோலைக் கேட்காமல் இருப்பது பிழைதான்.

ஆனால் ராகத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. இப்போதெல்லாம் சிலர் மோகனத்தில் ஆரம்பிக்கிறேன், ஹரிகாம்போதியில் ஆரம்பிக்கிறேன் என்கிறார்கள். மாயாமாளவகௌளையை முன்னோர் முதல் ராகமாக வைத்தது காரணத்தோடுதான். ஸ-வுக்கும் சுத்த ரிஷபத்துக்கும் (தாழ்ந்த ரி) இடையே அரைச்சுரம், ரி-க இடையே பெரிய இடைவெளி, க-ம மறுபடி அரைச்சுரம். ப-வுக்கு மேலே அப்படியே அதே அமைப்பு. கீழ்ப்பாதியைக் கற்றவன் மேல்பாதியையும் கற்றவனே. சிறியதும் பெரியதுமான இடைவெளிகள் முதல் நாளிலேயே தொண்டைக்குப் பழகுகின்றன. எளிதில் ஆரம்பித்தவனுக்குப் பிறகு சுத்த ரிஷபம் ஒருநாளும் சரியாக நிற்காது.

---

மோகனம் (ரோஸ் பெல்)

பேர் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழும் பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஐயா, பத்து வயதில் தினமும் குருவின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தவனுக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு பொருந்தும். வாரம் ஒருமுறை வரும் ஆறு வயதுப் பிள்ளை சுத்த ரிஷபத்தை ஸ-வோடு ஒட்டிக்கொண்டு இழுக்கும், திருத்த ஆள் இருக்காது, அந்த இழுப்பே பழக்கமாகிவிடும். மோகனத்தில் அரைச்சுரமே கிடையாது. ஐந்து சுரத்தில் எதை எதோடு சேர்த்துப் பாடினாலும் காதைக் குத்தாது. ஹங்கேரியில் ஸோல்தான் கோதாய் பிள்ளைகளுக்கான பாட்டுப் பயிற்சியை ஐந்து சுர மெட்டுகளில்தான் தொடங்கச் சொன்னார்; அவை அவர் நாட்டு நாட்டுப்பாடல்களில் இருந்தன. நமக்கு மோகனம் தாலாட்டிலும் கும்மியிலும் இருக்கிறது.

கலப்பு வகுப்புக்கு அது இன்னும் உதவும். நான் செய்வதை ஒரே ஒரு வரியை வைத்துக் காட்டுகிறேன்.

ஸ ரி க ப | க ரி | ஸ ,

எட்டு எண்ணிக்கை, ஆதி தாளம். இதில் ஸ முதல் ப வரை ஐந்து சுரத் தூரம்தான் இருக்கிறது. இது முக்கியம். சிறு பிள்ளைகளின் குரல் வசதியாக நிற்கும் இடமே அவ்வளவுதான். பெண்கள் பாடும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது ஸ எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்ற அளவு) சுருதிப் பெட்டியை வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பாடச் சொன்னால் கீழ் ஸ அவர்களுக்கு எட்டாது, பேசுகிற மாதிரி முனகுவார்கள். பிறகு 'இந்தப் பிள்ளைக்குச் சுருதி இல்லை' என்று முத்திரை குத்துவோம். ஒரு கட்டைக்கு வையுங்கள். பிள்ளைகளுக்கு அது சரியாக விழும். பெரிய ஆண்கள் அதே ஒரு கட்டையில் ஒரு ஸ்தாயி கீழே, அதாவது அடுத்த கீழ் ஸ-விலிருந்து பாடுவார்கள், பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. ஆயாக்களுக்கு வயதாக ஆகக் குரல் இறங்கும், மேலே ப-வுக்குப் போகத் திணறுவார்கள். அவர்களுக்குத் தனி வரி: முதல் நான்கு எண்ணிக்கைக்கு ஸ, அடுத்த இரண்டுக்குக் கீழ்ப் பஞ்சமம் (ப), கடைசி இரண்டுக்கு மறுபடி ஸ. மூச்சும் ஒரு ஆவர்த்தனத்துக்குள் (தாளத்தின் ஒரு சுற்று) முடிந்துவிடும். ஒருவர் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் விடாமல் பிடித்தால் போதும்.

குரல் உடைகிற பையன்களைப் பாடாதே என்று சொல்லாதீர்கள், சொன்னால் திரும்பி வரமாட்டார்கள். அவர்களுக்கு அந்த மாதத்தில் நிற்கும் குரல் மூன்று, நான்கு சுரம்தான். இல்லையென்றால் கொன்னக்கோல், அதாவது வாயால் சொல்லும் தாளச் சொற்கள், கொடுங்கள். 'தகதிமி தகஜுணு' உருட்ட ஆரம்பித்தால் கூச்சம் போய்விடும். யார் வேகமாகச் சொல்வது என்று சண்டையே வரும்.

வர்ணம் பாடும் பெண் என்ன செய்வாள்? அதே எட்டு எண்ணிக்கையில் இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகம்) ஜண்டையாக 'ஸஸ ரிரி கக பப கக ரிரி ஸஸ ஸ,' பாடட்டும், பிறகு மூன்றாம் காலம், பிறகு அங்கேயே தானாகக் கற்பனை செய்து பாடும் கல்பனாஸ்வரம். மற்ற எல்லோரும் அவளுக்கு அடியில் அசையாமல் நிற்க வேண்டும். அவளுக்கு அது தண்டனை அல்ல, கச்சேரி மாதிரி. தனியாக வீட்டில் பாடும்போது கிடைக்காதது.

தாளத்தைக் கையில் போட முடியாதவர்கள் இருப்பார்கள், மூட்டுவலி, பக்கவாதம் எதுவாக இருந்தாலும் சரி. விரல் எண்ணிக்கை கட்டாயம் இல்லை. தொடையில் தட்டலாம், காலால் தட்டலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை என்னிடம் உண்டு. கேட்டதை நினைவில் வைப்பது கஷ்டம், பார்த்ததை மறப்பதில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் கையை இடுப்பு, மார்பு, தோள், தலை என்று உயர்த்திக் காட்டுகிறேன். இப்போது சிறு பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக்கொடுப்பதே அவள்தான்.

மூத்தவனின் அப்பா சொன்ன 'அவன் நிறுத்தினால் எல்லோரும் நிற்கும் வேலை' இதில் இருக்கிறது: சமம். ஆவர்த்தனத்தின் முதல் அடி. நான் அதற்கு ஒரு சிறு கைமேளம் வைத்திருக்கிறேன். அந்த அடி விழாமல் யாரும் அடுத்த சுற்றைத் தொடங்கக் கூடாது என்று விதி. அடிக்கிறவர் வேண்டுமென்றே தாமதித்தால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள், சிரிப்பு வரும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு நேரக் கணக்கு நம்மைவிடத் துல்லியம். நான் லயத்தில் ஓடினால் என்னைப் பார்த்து முறைக்கிறவன் ஒருவன் இருக்கிறான்.

---

மூத்தவனின் அப்பா

'முறைக்கிறவன்' என்பதைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம். எங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படித்தான்.

---

நாற்காலி ஆயா (கியூர்பிப்)

பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள், நான் சொல்லச் சொல்ல. எழுபது தாண்டிவிட்டது. நானும் இப்படி ஒரு வகுப்பில் நாற்காலியில் உட்காருகிறவள்தான்.

மோகனம் டீச்சர் சொன்னதெல்லாம் நன்றாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. எங்களை ஏன் ஸ-விலும் கீழ்ப் பஞ்சமத்திலுமே உட்கார வைக்கிறீர்கள்? மூச்சு வாங்குகிறது, உண்மைதான். மேல் ஸ்தாயி போகாது, அதுவும் உண்மை. அதற்காக இரண்டே சுரத்தில் பொழுதைக் கழிக்கவா மழையில் இரண்டு பஸ் மாறி வருகிறோம்? சின்ன வயதில் எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளைப் பாட்டுக்கு அனுப்பவில்லை. அண்ணன்மார் ஹார்மோனியம் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், நாங்கள் சமையலறையிலிருந்து கேட்டோம். கேட்டே பாட்டைப் பிடித்தோம். இப்போது பேர் சொல்லிச் சரளி வரிசை படிக்க வந்திருக்கிறேன். மெதுவாகச் சொல்லுங்கள், கீழே வைத்துச் சொல்லுங்கள், தப்பு செய்தால் சொல்லுங்கள். வயசானவர் என்று தப்பை விட்டுவிடாதீர்கள். அது எனக்குக் கோபம் வரும்.

காகிதத்தைப் பெரிய எழுத்தில் அடியுங்கள். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட முடியாது.

---

மோகனம்

ஆயா, கும்பிடுகிறேன். இனி சுற்று முறை: முதல் சுற்றில் நீங்கள் கீழே பிடிப்பீர்கள், அடுத்த சுற்றில் இளைஞர்கள் கீழே பிடிப்பார்கள், நீங்கள் வரிசை பாடுவீர்கள். சுருதியை ஏழு கட்டைக்கு, அதாவது ஒரு கட்டைக்கு அரைச்சுரம் கீழே, இறக்கினாலும் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது.

---

வரிசைக்காரர்

ஆயா சொன்னதுதான் என் கட்சி. தப்பைத் தப்பு என்று சொல்ல வேண்டும். 'எல்லோரும் சேர்ந்து மகிழ்ந்தோம்' என்ற பெயரில் யாருடைய தப்பையும் யாரும் திருத்தாத வகுப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மோகனம் டீச்சரின் அடுக்கு முறையில் ஒவ்வொருவருக்கும் வேலை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி ஒன்றுதான். அந்தப் பெண் பரீட்சையில் பாட வேண்டியது மோகனத்தில் அரை வரி அல்ல. அவளுடைய வர்ணத்தின் சிட்டஸ்வரத்தை (அமைத்து வைத்த சுரப் பகுதி) யார், எப்போது கேட்டுத் திருத்துவது? அதற்கு இந்தக் கூட்டத்தில் இடமில்லை. தனி நேரம் வேண்டும்.

மாயாமாளவகௌளை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. மோகனத்தில் ஆரம்பியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அங்கேயே நின்றுவிடுவீர்கள் என்றுதான் பயம்.

---

சென்-ஆந்த்ரே (ரெயூனியன்)

பக்கத்துத் தீவிலிருந்து. இங்கே எங்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது, நான் பிறகு படித்துக்கொண்டவன். ஆனால் கோயில் மேளம் விட்டுப்போகவில்லை. யாரும் அதை வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்து வளரவில்லை. வட்டமான தோல் மேளம், தீ மூட்டி அதன் பக்கத்தில் காட்டித் தோலை இறுக்குவார்கள். சிறுவனுக்கு முதலில் கிடைக்கும் வேலை அதுதான், காய்ச்சுவது. தட்டித் தட்டிக் கேட்டு, இன்னும் காய வேண்டுமா, போதுமா என்று காது பழகிவிடும். அப்புறம் ஊர்வலத்தில் பின்னால் நடந்தபடி எளிய அடி. பெரியவர்கள் முன்னால். தப்பு செய்தால் முன்னால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான் பாடம்.

சிறுவர், கிழவர், குடித்தவர் எல்லோரும் ஒரே வரிசையில்தான் போனோம். பிரித்திருந்தால் எங்கள் தலைமுறைக்கு அது வந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் வரிசைக்காரர் ஐயா கேட்பது நியாயம். இப்படிக் கற்றதால் எங்களுக்குப் பல பாட்டுகளில் சொல் தேய்ந்துபோய்விட்டது. மெட்டு இருக்கிறது, என்ன பாடுகிறோம் என்று தெரியவில்லை.

---

கோயில்கூடம்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முயன்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வகுப்பை இரண்டாக உடைத்தேன். முதல் முக்கால் மணி நேரம் எல்லோரும் சேர்ந்து மோகனம் டீச்சரின் வரி, ஏழு கட்டையில். பலகை கிடைத்தது, கோயில் தச்சர் கொடுத்தார். கருவி போட்ட சிறுமி முதல் சுற்றில் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது சுற்றில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மிருதங்கக்காரரைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவர் நடை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதலில் திரும்பியது அவள்தான். சம அடி வாசல் பாயில் இருக்கும் பையனுக்கு. மேளத்தை வாங்கினான், பாயிலேயே வைத்துக்கொண்டான், அங்கிருந்தே அடித்தான். ஒரு சுற்றில் அடிக்காமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். விதிப்படி எல்லோரும் நின்றோம். ஆயாக்கள் விசிறிக்கொண்டார்கள். வந்து அடித்தான், தொடர்ந்தோம்.

மீதி நேரம் பிரித்துவிட்டேன். வர்ணப் பெண்ணுக்கு இருபது நிமிடம் என்னோடு மட்டும். இருபது நிமிடம் போதாது என்று ஐயா சொல்வார், போதாதுதான். ஆயாக்களுக்கும் இளைஞர்களுக்கும் சேர்த்து மாயாமாளவகௌளையில் சரளி. ஆம் ஐயா, மாயாமாளவகௌளைதான். சுத்த ரிஷபம் பெரியவர்களுக்கு நன்றாக நிற்கிறது. சிறு பிள்ளைகள் அந்த நேரத்தில் வெளியே ரவானோடு 'தகிட'.

இன்னும் தீராதது காகிதம். பள்ளியில் தமிழ் படித்தவர்களுக்குத் தமிழ் எழுத்தில் அடிக்கிறேன். மற்றவர்களுக்குக் கிரியோல் வழக்கப்படி ரோமன் எழுத்து. தமிழ்நாட்டிலிருந்து வரும் பாட்டுப் புத்தகங்களின் ஆங்கில வழி எழுத்தைக் கொடுத்தால் நம் பிள்ளைகள் அதைப் பிரெஞ்சு உச்சரிப்பில் படித்து உகரத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். யாரிடமாவது காவடிப் பாட்டுகள் கிரியோல் எழுத்தில் தட்டச்சு செய்தது இருந்தால் அனுப்புங்கள்.

---

வரிசைக்காரர்

இருபது நிமிடம் போதாது. ஞாயிறு காலை எனக்கு வேலை இல்லை. அந்தப் பெண் அப்பா அம்மாவோடு காத்ர் போர்ன் வர முடியுமா என்று கேட்டுத் தனிச் செய்தியில் எழுதுங்கள். வர்ணத்தை முதல் காலத்தில் தாளம் போட்டுப் பாடிப் பதிவு செய்து முன்னதாக அனுப்பச் சொல்லுங்கள்.

---

நாற்காலி ஆயா

எந்தக் கோயில் என்று இங்கே எழுதக் கூடாதாம். பேத்தி தனிச் செய்தி அனுப்பியிருக்கிறாள், பாருங்கள் மிஸ். கியூர்பிப்பிலிருந்து எத்தனை பஸ்?

---

ரவான்தம்பி

பாட்டுகள் என்னிடம் கொஞ்சம் இருக்கின்றன, கிரியோல் எழுத்தில்தான், அனுப்புகிறேன். எழுத்துப் பிழை இருக்கும், ஆயாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு அச்சடியுங்கள்.

ரவான் வாங்குவதானால் ஒரு விஷயம். இப்போது புயல் காலம், ஈரம் அதிகம், ஆட்டுத்தோல் தொங்கிவிடும். கூடத்துக்குள் தீ மூட்டிக் காய்ச்ச விடமாட்டார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு செயற்கைத் தோல் வாங்குங்கள், சத்தம் கொஞ்சம் தட்டையாக இருக்கும், பரவாயில்லை. பலகைக்கு மட்டும் ஆட்டுத்தோல் ஒன்று இருக்கட்டும், வெயிலில் வைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். எந்த அளவு வேண்டும், எத்தனை பிள்ளைகள் என்று சொல்லுங்கள், தெரிந்த ஒருவரிடம் விலை கேட்டுச் சொல்கிறேன்.